லேபுக்கு என்ன கம்ப்யூட்டர் வேண்டும்? ஒரு டெண்டர் வாசிப்பு

இந்தக் குறிப்பை ரொம்ப நாளாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். இதில் குற்றம் சொல்லப்படும் ஆட்களில் நானும் ஒருவன் என்பதுதான் காரணம்.

ஓரிக்கையில் இருந்துகொண்டு சில வருஷம் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் போர்டு, ராம், கேபினெட் எல்லாம் வாங்கி வருவது, வீட்டு முன்னறையில் மாட்டி, இரவெல்லாம் ஓடவிட்டுப் பார்ப்பது, காலையில் ஆட்டோவில் ஏற்றுவது. 2019-இல் பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றின் கணினி அறிவியல் லேபுக்கு 40 மெஷின் சப்ளை செய்தேன். நம்ம வட்டத்துக்கு அது பெரிய ஆர்டர்.

கல்லூரி கொடுத்த விவரக்குறிப்பு ஒன்றரைப் பக்கம். ஐ5 பிராசசர், 4 ஜிபி ராம், 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க், 18.5 அங்குல மானிட்டர், மூன்று வருஷ வாரண்டி. அதைப் பார்த்ததும் எனக்கு உறுத்தியது. நான் இன்னொரு கொட்டேஷனும் சேர்த்துக் கொடுத்தேன்: ஐ3, 8 ஜிபி ராம், 240 ஜிபி எஸ்எஸ்டி. விலை ஏறக்குறைய அதேதான். "ஐ5-ன்னு போட்டிருக்கு, நீங்க ஐ3 குடுத்தா ஆடிட்ல கேட்பாங்க சார்" என்று பதில் வந்தது. சரி என்று கேட்டதையே கொடுத்தேன். பில்லும் பாஸ் ஆனது.

2021 கடைசியில் அங்கிருந்து போன் வந்தது. மெஷின் எல்லாம் "ஹேங்" ஆகிறதாம். போய்ப் பார்த்தால் ஏழாம் செமஸ்டர் கிளவுட் லேப் நடந்துகொண்டிருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 பாடத்திட்டத்தில் அந்த லேபின் முதல் பயிற்சியே விர்ச்சுவல்பாக்ஸோ விஎம்வேரோ போட்டு, விண்டோஸுக்கு மேலே லினக்ஸை ஓட்டுவதுதான். அதாவது ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர். 4 ஜிபியில் விண்டோஸ் 10 தான் உட்கார்ந்ததுபோக மிச்சம் எவ்வளவு இருக்கும்? உள்ளே போகும் லினக்ஸுக்கு அதிலிருந்துதான் பங்கு பிரிக்க வேண்டும். பற்றாததை விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கும். சுற்றும் தட்டு எத்தனை வேகம் சுற்றும்? போதாக்குறைக்கு பயாஸில் விர்ச்சுவலைசேஷன் வசதி அணைந்தே கிடந்தது. பயாஸ் பாஸ்வேர்டு லேபில் யாருக்கும் தெரியவில்லை. போட்டது நான். எழுதிக் கொடுக்க மறந்ததும் நான்.

அங்கிருந்த ஒரு மாணவியிடம் "அப்போ இந்த எக்ஸர்சைஸ் எப்படிம்மா முடிச்சீங்க?" என்று கேட்டேன். "போன வருஷ அக்கா ரெகார்டுல இருந்த அவுட்புட்டையே பிரிண்ட் எடுத்து ஒட்டிட்டோம் அண்ணா" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். அப்பா பட்டு நெசவு, வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை, வாரத்துக்கு மூன்று மணி நேர லேப் மட்டும்தான் அவளுக்குக் கம்ப்யூட்டர். அந்த மூன்று மணி நேரத்தை நான் சப்ளை செய்த மெஷின் தின்றுவிட்டது.

சரி, தப்பு எங்கே நடந்தது? "எல்1 சார், எல்1" என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில். குறைந்த விலைக்காரனுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நாங்கள் என்ன செய்வது என்று கையை விரிப்பார்கள். தனியார் கல்லூரிகளை அந்தச் சட்டம் கட்டுப்படுத்துவதில்லை, ஆனாலும் அவர்களும் அரசு டெண்டரைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள். அதனால் 1998-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தை எடுத்து வாசித்தேன். அது வெறும் குறைந்த விலை என்று சொல்லவில்லை. டெண்டர் ஆவணத்தில் சொல்லப்பட்ட, புறவயமான, அளவிடக்கூடிய காரணிகளின்படி, அவற்றுக்கு உரிய எடையும் கொடுத்துக் கணக்கிட்டு வரும் குறைந்த டெண்டர் என்கிறது. ஆக, எதை அளப்பது என்பதை முடிவு செய்வது ஆவணத்தை எழுதுகிறவர். அவர் "ஐ5" என்று ஒரு பெயரை எழுதினால் பெயர்தான் வரும். "இந்தப் பயிற்சி இத்தனை நிமிஷத்தில் முடிய வேண்டும்" என்று எழுதினால் அது வரும்.

நான் பார்த்த டெண்டர்களில் பிந்தைய வகை வாசகம் ஒன்றுகூட இல்லை. பெரும்பாலும் ஒரு கல்லூரியின் ஆவணத்தை இன்னொரு கல்லூரி நகலெடுத்தது. பாடத்திட்டம் ஒரு மேஜையில் இருக்கும், டெண்டர் இன்னொரு மேஜையில் இருக்கும், இரண்டையும் ஒருவர் சேர்த்து வைத்துப் படித்த அடையாளமே இருக்காது. ஏஐசிடிஇ விதிகளும் மாணவர் எண்ணிக்கைக்கு இத்தனை கம்ப்யூட்டர் என்று விகிதம் சொல்கின்றன. ஆய்வுக்கு வருபவர் மெஷினை எண்ணுவார். அதில் என்ன ஓடும் என்று போட்டுப் பார்ப்பவரை நான் பார்த்ததில்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு கதையும் உண்டு. சூரிச்சில் உள்ள ஈடிஎச் பல்கலைக்கழகப் பேராசிரியர் நிக்லாஸ் விர்த், பாஸ்கல் மொழியை உருவாக்கியவர். 1976-77-இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ஒரு வருஷம் இருந்தார். அங்கே ஆல்டோ என்ற தனிநபர் கணினியைப் பார்த்துவிட்டு, ஊர் திரும்பியதும் அதேபோல ஒன்றைத் தாமே கட்ட முடிவு செய்தார். அப்படி வந்தது லிலித். மாடுலா-2 மொழிக்கென்றே வடிவமைத்த மெஷின். 1980-களின் பிற்பாதியில் அடுத்ததாக செரஸ் வந்தது, அதற்கென யுர்க் குட்க்னெக்டோடு சேர்ந்து ஓபரான் என்ற மொழியும் இயங்குதளமும் எழுதினார். ஒரு மாணவன் முழுசாகப் படித்து முடிக்கக்கூடிய அளவுக்கு எல்லாமே சின்னதாக இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய பிடிவாதம். 2013-இல், எண்பது வயதை நெருங்கும்போது, விலை குறைந்த எஃப்பிஜிஏ போர்டு ஒன்றில் தாமே ஒரு பிராசசரை வடிவமைத்து, ஓபரானை மறுபடியும் அதில் ஓடவிட்டார். 2024 ஜனவரி 1 அன்று காலமானார்.

காஞ்சிபுரத்துக் கல்லூரி லிலித் கட்ட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. லிலித்தை வியாபாரமாக்கப் பார்த்தவர்களுக்கும் அது கைகூடவில்லை. இந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒரு வரிசையை மட்டும்தான். முதலில் என்ன சொல்லித்தரப் போகிறோம், பிறகு அதற்கு என்ன மெஷின். நம்ம ஊரில் தறி போடுபவரும் அப்படித்தான். என்ன சேலை, எத்தனை பெரிய பார்டர், ஜக்கார்டு வேண்டுமா என்று கேட்காமல் ஒரு கட்டைகூட நட மாட்டார். நான் 40 மெஷின் மாட்டினேன், ஒரு ஆசிரியரிடம்கூட "என்ன லேப் நடத்தப் போறீங்க மேடம்?" என்று கேட்கவில்லை.

தலைகீழ் உதாரணம் ஒன்றும் சொல்லிவிடுகிறேன். மெஷின் புதுசு, உள்ளே இருப்பது பழசு. இன்றைக்கும் பல லேபில் சி மொழி சொல்லித்தர டர்போ சி++தான். 1990-இல் வந்த 16-பிட் மென்பொருள். 64-பிட் விண்டோஸில் அது நேராக ஓடாது என்பதால் டாஸ்பாக்ஸ் என்ற போலி டாஸுக்குள் வைத்து ஓட்டுகிறார்கள். அதில் ஒரு முழு எண் 32,767-ஐத் தாண்டினால் -32,768 ஆகிவிடும். இன்றைய ஜிசிசியில் சாதாரணக் கம்ப்யூட்டரில் அதே எண் 200 கோடிக்கும் மேல் போகும். ஐ5 வாங்கி அதற்குள் 1990-ஐ ஓட்டுவதற்கு எதற்கு ஐ5?

"பிராண்டட் வாங்கிவிட்டால் இந்தப் பிரச்சினை எதுவும் இல்லை" என்று சிலர் சொல்வார்கள். அதில் பாதி உண்மை. பவர் சப்ளை தரமாக இருக்கும், ஆள் வந்து மாற்றிக் கொடுப்பான். அசெம்பிள் செய்த மெஷினில் மட்டமான எஸ்எம்பிஎஸ் போட்டு, ஒரு கோடைக்குள் பாதி மெஷின் படுத்த கதைகளும் எனக்குத் தெரியும். ஆனால் 4 ஜிபி என்று கேட்டால் பெரிய கம்பெனியும் 4 ஜிபிதான் கொடுக்கும். கேள்வி தப்பாக இருந்தால் யார் பதில் சொன்னாலும் தப்புதான்.

அதனால் லேப் பொறுப்பில் இருப்பவர்களிடம் நான் கேட்பது ஒரு பக்கக் காகிதம். அந்த வருஷப் பாடத்திட்டத்தில் மெஷினை அதிகம் படுத்தும் மூன்று பயிற்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள். மாதிரி மெஷின் ஒன்றை வரவழைத்து, அந்த மூன்றையும் ஓட்டி, நேரம் குறியுங்கள். லினக்ஸ் இமேஜைத் திறந்து லாகின் வரும்வரை மூன்று நிமிஷத்துக்குள் என்பது புறவயமான அளவு, கடிகாரம் பார்த்துச் சொல்லிவிடலாம். ராம் ஸ்லாட் ஒன்று காலியாக இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். பயாஸ் பாஸ்வேர்டு எழுத்தில் வேண்டும் என்று எழுதுங்கள். இவற்றை டெண்டரிலேயே போட்டால் ஆடிட்டில் கேட்பவருக்கும் பதில் இருக்கும்.

ஓரிக்கை என்ற பெயருக்கு ஒரு கதை சொல்வார்கள். திருமழிசை ஆழ்வாரும் கணிகண்ணனும் காஞ்சியை விட்டுக் கிளம்ப, பெருமாளும் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடவே வந்து ஓர் இரவு தங்கிய இடம், ஓரிரவு இருக்கை, அதுதான் ஓரிக்கை. லேபுக்குள் போகும் கம்ப்யூட்டர் ஓர் இரவில் கிளம்பாது. ஏழெட்டு வருஷம் இருக்கும், ஏழெட்டு பேட்ச் அதில் உட்காரும்.

அந்த 40 மெஷினுக்கும் பிறகு ஒரு சனிக்கிழமை போய் விர்ச்சுவலைசேஷனைத் திறந்துவிட்டு, பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பத்து மெஷினுக்கு மட்டும் ராம் ஏற்றக் கல்லூரியில் பணம் கிடைத்தது. அதற்குள் அந்தப் பெண்ணுக்கு கிளவுட் லேப் தேர்வு முடிந்துவிட்டிருந்தது.