வழி சொல்பவருக்கு எதற்குத் தத்துவம்?

உளவள ஆலோசனை என்ற பெயரில் இன்று ஒரு தொழில் உருவாகியிருக்கிறது. அதற்கு மாணவர்களைத் தயார் செய்யும் வகுப்புகளில் தத்துவமும் ஒரு பாடமாக இருக்கிறது. சரியாகச் சொன்னால், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவைக்கப்பட்டிருக்கிறது. ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே ஒரு கல்லூரியில் அந்தப் பாடத்தைச் சில பருவங்கள் நடத்தியவன் நான். அந்தக் கல்லூரியைப் பற்றி எனக்குப் புகார் ஏதும் இல்லை. எந்த நம்பிக்கையின் மேல் இந்தப் பாடம் கட்டப்பட்டிருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

பாடத்திட்டம் ஓர் உற்சவ ஊர்வலம். தேலீஸ் முன்னே வருகிறார், சார்த்தர் கடைசியில் வருகிறார். நடுவில் ஒரே பல்லக்கில் ஆறு தரிசனங்களும் பௌத்தமும் சமணமும். ஒவ்வொருவருக்கும் ஒரு பிறந்த ஆண்டு, ஒரு கொள்கை, ஒரு 'இஸம்'. வகுப்பில் இருப்பவர்கள் அம்பத்தூர், திருமுல்லைவாயல், பட்டாபிராம், திருவேற்காடு பக்கத்துப் பிள்ளைகள். அப்பாவோ அண்ணனோ எஸ்டேட்டில் ஷிஃப்ட் பார்க்கிற வீடுகள். அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: 'எதிரே உட்கார்ந்து அழுகிறவரிடம் டெகார்ட்டை வைத்துக்கொண்டு நான் என்ன சார் செய்வது?'

இதைச் சோம்பேறியின் கேள்வி என்று தள்ளிவிட முடியாது. வழக்கமாகச் சொல்லப்படும் பதில்கள் இரண்டும்தான் சோம்பேறித்தனமானவை. ஒன்று: தத்துவம் படித்தால் சிந்தனை விரியும். அதாவது, தத்துவம் ஓர் ஆபரணம். மற்றது: தத்துவத்தில் எல்லாவற்றுக்கும் மருந்து இருக்கிறது, கோபத்துக்கு ஸ்டோயிக், துக்கத்துக்குக் கீதை, வெறுமைக்கு எக்ஸிஸ்டென்ஷியலிஸம். அதாவது, தத்துவம் ஒரு மருந்துப் பெட்டி. முதல் பதில் உபயோகமற்றது. இரண்டாவது அபாயகரமானது.

அபாயம் எங்கே என்று பார்க்க வேண்டும். உளவியல் தத்துவத்தின் வீட்டில் வளர்ந்த பிள்ளை. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1916இல்தான் அதற்குத் தனித் துறை வந்தது, சென்னையில் 1943இல். அதற்கு முன் மனத்தைப் பற்றிப் பாடம் சொன்னவர்கள் தத்துவ வாத்தியார்கள். அம்பத்தூர், ஆவடி வழியாகப் போகும் இதே ரயில் பாதையில் இருக்கும் திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன், சைதாப்பேட்டை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் உடன் பயின்றவர்களுக்கு நடத்திய பாடங்களே 1912இல் உளவியல் பற்றிய ஒரு சிறு நூலாக வந்தன. அந்த வீடு பிரிந்ததில் தவறில்லை. ஆனால், பாகம் பிரித்துக்கொண்டு போன பிள்ளை பழைய வீட்டுப் பாத்திரங்கள் சிலவற்றை, யாருடையவை என்று மறந்து, தன் கண்டுபிடிப்பாகப் புழங்கிக்கொண்டிருக்கிறான்.

ஓர் உதாரணம். 1950களின் மத்தியில் ஆல்பர்ட் எல்லிஸ் ஏற்படுத்திய சிகிச்சை முறை, அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஸ்டோயிக் தத்துவவாதி எபிக்டீடஸிடமிருந்து ஒரு கருத்தை எடுத்துக்கொண்டது. எல்லிஸ் இந்தக் கடனை மறைத்ததில்லை; மறந்தவர்கள் பின்னால் வந்தவர்கள். நம்மைக் கலக்குவது நிகழ்ச்சிகள் அல்ல, அவை பற்றிய நம் தீர்ப்புகள் என்பது அந்தக் கருத்து. எபிக்டீடஸிடம் இது தனியாக நிற்கவில்லை. வேலை, கூலி, உடம்பு எதுவும் உண்மையான நன்மை அல்ல, அறம் ஒன்றே நன்மை என்ற முடிவும், பிரபஞ்சம் அறிவால் ஆளப்படுகிறது என்ற நம்பிக்கையும் அதைத் தாங்கி நின்றன. இரண்டு தூண்களையும் உருவிவிட்டுக் கூரையை மட்டும் இன்று வகுப்பறைக்குக் கொண்டுவந்திருக்கிறோம்.

இதை ஆவடியில் வைத்துப் பார்ப்போம். 2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு ஏழு கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டது. கனரக வாகனத் தொழிற்சாலை அவற்றில் ஒன்றின் கீழ்ப் போயிற்று. இருபது வருஷம் சர்வீஸ் போட்ட ஒருவர், 'இனி நான் கவர்மென்ட் ஆள்தானா, இல்லையா' என்று தூக்கம் கெட்டு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பயம் சிந்தனைக் கோளாறா, அல்லது நிலைமையைச் சரியாகப் படித்ததன் விளைவா? பயிற்சிக் கையேடு இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. எண்ணத்தை மாற்று என்பதோடு அது நின்றுவிடும். எது ஒருவரின் வசத்தில் இருக்கிறது, எது இல்லை, எதை இழப்பது உண்மையில் இழப்பு என்று ஸ்டோயிக் கேட்டிருப்பான். அவன் பதிலை நாம் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. அவன் கேள்வியைத் தவிர்க்கத்தான் முடியாது. தத்துவம் அறியாத ஆலோசகரிடமும் தத்துவம் இருக்கிறது. அது தன்னிடம் இருப்பது அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். அந்தத் தெரியாமைக்கு விலை கொடுப்பவர் எதிரே உட்கார்ந்திருப்பவர்.

இந்தத் தொழிலுக்குத் தமிழில் வழங்கும் இன்னொரு பெயர் ஆற்றுப்படுத்துதல். பெயர் வைத்தவர்கள் தெரிந்து வைத்தார்களோ என்னவோ, கெட்டிக்காரப் பெயர். ஆறு என்றால் வழி; ஆற்றுதல் என்றால் தணித்தல். இரண்டும் ஒரு சொல்லுக்குள் ஒலிக்கின்றன. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படை. பரிசில் பெற்றுத் திரும்புகிறவன் எதிரே வரும் வறியவனைக் கண்டு, தான் போன வழியைச் சொல்கிறான். மலைபடுகடாத்தில் பன்றிப் பொறி எங்கே, பாம்பு எங்கே, வழுக்குப்பாறை எங்கே என்றெல்லாம் சொல்லி அனுப்புகிறான். அவன் பேச்சுக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது? நேற்றுவரை அவனும் பட்டினி கிடந்தவன், அந்த மலையில் நடந்தவன் என்பதிலிருந்து. இருபத்திரண்டு வயதில் சான்றிதழோடு உட்காரும் நம் மாணவி எந்த மலையில் நடந்தவள்? கணவனை இழந்த ஐம்பது வயதுக்காரிக்கு அவள் எந்த அதிகாரத்தில் வழி சொல்வாள்? பெயர் ஒரு வாக்குறுதி தருகிறது. பயிற்சி அதைக் காப்பாற்றவில்லை.

நடந்த வழியைச் சொல்வது ஒரு முறை என்றால், வேறொருவரின் விடையைக் கொண்டுவந்து கொடுப்பது இன்னொரு முறை. இதற்குப் பூந்தமல்லியே உதாரணம் தருகிறது. அந்த ஊரில் பிறந்த திருக்கச்சி நம்பி காஞ்சி வரதருக்கு விசிறி வீசியவர். ராமானுஜர் தன் மனத்திலுள்ள ஐயங்களை வாய்விட்டுச் சொல்லாமலே, பெருமாளிடம் விடை கேட்டு வரும்படி அவரை வேண்டினார் என்று குருபரம்பரைக் கதை சொல்கிறது. நம்பி கொண்டுவந்தவை ஆறு வார்த்தைகள். பரம்பொருள் யார் என்பதில் தொடங்கி, பெரிய நம்பியைக் குருவாகக் கொள் என்பதுவரை. நம்பி தன் சரக்கு எதையும் கலக்கவில்லை. கேட்பவரின் தவிப்பு தத்துவத் தவிப்பு என்பதை அந்தக் கதை சந்தேகமின்றி ஏற்றுக்கொள்கிறது. இது அதன் பெருமை. ஆனால் அங்கே பதில் சொல்ல ஒரு பெருமாள் இருந்தார். அதே பூந்தமல்லியில் கத்தோலிக்கக் குருமடமும் இருக்கிறது. பாவசங்கீர்த்தனம் கேட்கப் போகிறவர்கள் முழுதாக இரண்டு ஆண்டுகளாவது தத்துவம் படிக்க வேண்டும் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் விதிக்கிறது. ஆலோசனை வகுப்புகள் ஒரு பருவத்துக்கு மேல் ஒதுக்கத் தயங்கும் படிப்புக்கு அங்கே இரண்டு ஆண்டுகள். ஆனால் அங்கும் தத்துவத்துக்கு அடுத்து இறையியல் காத்திருக்கிறது. விடை தயாராக இருக்கிறது. நம் மாணவிக்குப் பின்னால் பெருமாளும் இல்லை, இறையியலும் இல்லை. நடந்த வழியும் இல்லை, வாங்கிவந்த விடையும் இல்லை. அவள் இருப்பது இந்த இடத்தில்தான். இதை மறைக்காமல் சொல்லித் தருவதே தத்துவ வகுப்பின் முதல் காரியம்.

1957 ஏப்ரலில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கார்ல் ராஜர்ஸும் மார்ட்டின் பூபரும் பொது மேடையில் பேசிக்கொண்டார்கள். ஆலோசகர், தத்துவவாதி. நல்ல தருணங்களில் தானும் தன்னிடம் வந்தவரும் சமமானவர்களாகச் சந்திக்கிறோம் என்பது ராஜர்ஸின் கட்சி. பூபர் அதற்கு இசையவில்லை. அவர் உங்களிடம் உதவிக்கு வந்தார், நீங்கள் அவரிடம் வரவில்லை. இந்த ஏற்றத்தாழ்வை உங்கள் நல்லெண்ணம் அழித்துவிடாது என்பது அவர் வாதத்தின் சாரம். ராஜர்ஸின் முறையை நம் வகுப்புகள் பக்தியோடு ஒப்புவிக்கின்றன. பூபரின் ஆட்சேபம் பாடத்தில் இல்லை. ஜாதியும் ஆங்கிலமும் சம்பளமும் ஏற்கெனவே நாற்காலிகளை உயர்த்தியும் தாழ்த்தியும் போட்டிருக்கும் ஊரில், அந்த ஆட்சேபம் இல்லாத சமத்துவம் வெறும் உபசாரம்.

அப்படியானால் பாடம் எப்படி இருக்க வேண்டும்? தேலீஸிடமிருந்து தொடங்க வேண்டாம். வருகிறவர்கள் பேசும் வாக்கியங்களிலிருந்து தொடங்கலாம். 'எல்லாம் என் தலையெழுத்து' என்பதை எடுத்துக்கொள்வோம். பாதிப் பயிற்சி பெற்றவர் இதைக் கேட்டதும், பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் மனோபாவம் என்று குறித்துக்கொள்வார். பக்திமான் ஆலோசகர் தலையை ஆட்டி ஒப்புக்கொள்வார். இருவரும் அந்த வாக்கியத்தைக் கேட்கவில்லை. அது உலகத்தின் காரண காரியம் பற்றிய கூற்றாக இருக்கலாம். மருமகளைக் குற்றம் சொல்ல விரும்பாத மாமியாரின் மன்னிப்பாக இருக்கலாம். 'இதற்கு மேல் கேட்காதே' என்று கதவைச் சாத்துவதாக இருக்கலாம். அடிக்கிற புருஷனை விட்டுப் போக முடியாதவள், போகாமலிருக்கத் தனக்கே சொல்லிக்கொள்ளும் காரணமாகவும் இருக்கலாம். ஒரே வாக்கியம், நான்கு காரியங்கள். இவற்றைப் பிரித்துக் கேட்கும் காது பிறவியில் வருவதல்ல. வள்ளுவர் 38ஆம் அதிகாரத்தில் ஊழையும் 62இல் ஆள்வினையுடைமையையும் வைத்தார். ஒன்றுக்காக மற்றதை அழிக்கவில்லை. அந்த இரண்டு அதிகாரங்களுக்கும் இடையிலுள்ள இழுபறியை ஒரு மாதம் பேசினால், விதி, சுதந்திரம், பொறுப்பு என்ற மூன்று தத்துவப் பிரச்னைகளும் தாமாக வகுப்புக்குள் வரும். ஸ்பினோஸாவும் சார்த்தரும் அதற்குப் பிறகு வரட்டும். அப்போது அவர்களுக்கு வேலை இருக்கும்.

எப்போது நடத்துவது என்பதும் முக்கியம். முதல் பருவத்தில் வைத்து, மனப்பாடம் செய்ய வைத்து, மறக்கச் செய்கிறோம். மணிமேகலை அமுதசுரபி ஏந்திப் பசி தீர்த்து, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கிய பிறகுதான், 27ஆம் காதையில் வஞ்சியில் சமயக் கணக்கர்களிடம் போய்க் கேட்கிறாள். துன்பத்தைக் கையால் தொட்ட பிறகு வரும் தத்துவம் அது. பெரும்பாலும் மௌனமாகக் கேட்கிறாள். கண்ணால் கண்டதையே ஏற்பேன் என்கிற பூதவாதியிடம் மட்டும், உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிந்தாய் என்று கேட்டு நகர்கிறாள். களப்பணிக்குப் போய்த் திரும்பிய மாணவிக்கும் இப்படி ஒரு கேள்வியாவது சொந்தமாக இருக்கும். அவளுக்குப் பாடம் நடத்துவது வேறு அனுபவம்.

இந்தத் தொழில் இப்போது சட்டத்துக்குள் வந்துகொண்டிருக்கிறது. 2021இன் நலவாழ்வுத் தொழில்கள் ஆணையச் சட்டம் உளவியல் பணிகளையும் தன் பட்டியலில் சேர்த்தது. 2025 கல்வியாண்டிலிருந்து அஞ்சல் வழியிலும் இணைய வழியிலும் உளவியல் நடத்தக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு நிறுத்திவிட்டது. தரம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் தரத்தை மணிக்கணக்காலும் திறன்பட்டியலாலும் அளக்கும்போது, அளக்க முடியாதது முதலில் வெளியேற்றப்படும். தத்துவப் பாடம் போனால் பெரிய நஷ்டம் என்று அழ எனக்கு விருப்பமில்லை; ஊர்வலம் நின்றால் நிற்கட்டும். 'தலையெழுத்து' என்று சொல்பவளின் வாக்கியத்தை, அதற்கு ஒரு பெயர் சூட்டுவதற்கு முன், முழுதாகக் கேட்டுமுடிக்கும் பொறுமையை எந்தப் பாடம் கற்றுத்தரப் போகிறது என்பதைப் பாடத்திட்டம் எழுதுகிறவர்கள் சொல்லட்டும். அதன் பெயர் தத்துவமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அந்த இடம் காலியாக இருந்தால், ஆற்றுப்படுத்துதல் என்ற பெயரை நாம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.