உஷா உதுப்பின் அடிக்குரல்

வடக்கே லைன் போகும் நாமக்கல் லாரிகளின் கேபினில் ஒரு காலத்தில் இளையராஜா கேசட்டுகளுக்கு நடுவே இந்திப் பாட்டு கேசட்டுகளும் கிடக்கும். உஷா உதுப் எங்களுக்கு அறிமுகமானது அப்படித்தான். 1980இல் வந்த ‘ப்யாரா துஷ்மன்’ படத்தின் ‘ஹரி ஓம் ஹரி’. எரப்ஷன் குழு பாடிப் புகழ்பெற்ற ‘ஒன் வே டிக்கெட்’டின் மெட்டு அது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். அந்தக் குழுவின் பிரெஷஸ் வில்சன் குரலை மேலே வீசிப் பாடுகிறார். உஷாவோ கீழேயே ஊன்றி நிற்கிறார். ‘ஓம்’ என்று உதடு மூடும் இடத்தில் மார்பிலிருந்து ஒரு ரீங்காரம் கிளம்புகிறதே, அத்தனை வாத்தியங்களுக்கு நடுவிலும் அது தனியாகக் கேட்கிறது.

கிளப் பாட்டு எங்கள் பக்கத்துக் காதுகளுக்குப் புதிதல்ல. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘வல்லவன் ஒருவன்’ படத்தில், 1966லேயே, எல்.ஆர். ஈஸ்வரி ‘பளிங்கினால் ஒரு மாளிகை’ பாடிவிட்டார். ஈஸ்வரியின் குரல் குழைந்து குழைந்து அழைக்கும். உஷாவிடம் அந்தக் குழைவே கிடையாது. நேரே முகத்தைப் பார்த்துப் பேசுகிற குரல்.

பள்ளிக்கூடத்துப் பாட்டு வகுப்பில் பொருந்தாது என்று ஒதுக்கப்பட்ட குரல் இது. 1969இல் சென்னை மவுண்ட் ரோட்டில் சஃபையர் தியேட்டர் வளாகத்து ‘நைன் ஜெம்ஸ்’ கிளப்பில், பட்டுப் புடவையும் பெரிய பொட்டுமாக நின்று மேல்நாட்டுப் பாட்டுப் பாடினார் அந்தத் தமிழ்ப் பெண். புடவையைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அவருடைய உச்சரிப்புதான் பெரிது. ராக் பாடும் நம்மவர் பலர் நாக்கைச் சுழற்றி, வெள்ளைக்காரர் மாதிரி ஒலிக்கப் படாதபாடு படுவார்கள். உஷாவுக்கு அந்தத் தவிப்பு இல்லை. ஒவ்வொரு சொல்லும் கடைசி எழுத்துவரை முழுசாக வந்து விழும்.

பெக்கி லீ 1958இல் புகழ்பெறச் செய்த ‘ஃபீவர்’ பாட்டில் துணைக்குப் பெரிதாக ஒன்றுமில்லை: பேஸ், கொஞ்சம் ட்ரம்ஸ், விரல் சொடுக்கு. குரலில் ஓர் இழை பிசகினாலும் காட்டிக்கொடுத்துவிடும். இதை உஷா பாடும்போது ‘ஃபீவர்’ என்ற சொல்லின் முதல் அசையில் சாய்ந்து நிற்பார். இரண்டாவதைப் பாதி மூச்சில் விட்டுவிடுவார். சொடுக்குக்கும் சொடுக்குக்கும் நடுவில் உள்ள இடத்தை நிரப்ப அவர் முயல்வதே இல்லை. எத்தனை பெரிய தைரியம் அது!

75 வயதைத் தாண்டிய பிறகு, தாம் அந்த நாளில் பாடிய கொல்கத்தா ட்ரிங்காஸ் உணவகத்தில் மைலி சைரஸின் ‘ஃப்ளவர்ஸ்’ பாடினார். இளம்பெண் ஒருத்தி பிரிவுக்குப் பின் சொல்லும் வீறாப்பு அது. உஷாவின் கனத்த குரலில் வீறாப்பு போய், வாழ்ந்து பார்த்த ஒருத்தியின் நிறைவு வந்துவிடுகிறது. மூலத்தைவிட எனக்கு இதுதான் ஒரு படி மேல்.