ரெட் கார்டு எதற்கு, யாருக்கு?

கோடம்பாக்கத்தில் ஒரு நடிகரைப் பற்றி விசாரித்துப் பாருங்கள். நடிப்பைப் பற்றிய பேச்சு பிறகுதான் வரும். ‘ஏழு மணி கால்ஷீட்டுக்கு ஆறே முக்காலுக்கே மேக்கப்போடு உட்கார்ந்திருப்பார்’ என்பார்கள். இல்லையென்றால், ‘பதினொரு மணிக்கு முன்னால் ஸ்பாட்டுக்கு வரமாட்டார்’ என்பார்கள். தொழில் ஒழுக்கம் என்ற சொல்லுக்கு அங்கே நேரம், தேதி, வாங்கிய அட்வான்ஸ் இவைதான் பொருள். அதற்கு மேல் எதைக் கேட்டாலும், ‘அது அவரோட பெர்சனல்’ என்று பேச்சை முடித்துவிடுவார்கள்.

தொழில் வேறு, சொந்த வாழ்க்கை வேறு என்ற இந்தக் கோடு வேண்டும் என்றே நினைக்கிறேன். அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ் சினிமா பார்த்திருக்கிறது. 1940களில் லட்சுமிகாந்தன் ‘சினிமா தூது’ என்றும் பிறகு ‘இந்து நேசன்’ என்றும் பத்திரிகை நடத்தி, நட்சத்திரங்களின் அந்தரங்கத்தை எழுதி விற்றார். 1944 நவம்பரில் அவர் கத்திக்குத்துப்பட்டு மறுநாள் இறந்தார். அந்தத் தீபாவளிக்குத்தான் ‘ஹரிதாஸ்’ வெளியாகி ஓடிக்கொண்டிருந்தது. அதன் நாயகன் தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கொலை வழக்கில் தண்டிக்கப்பட்டு, மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், 1947இல் விடுதலையானார்கள். பாகவதருக்குப் பழைய இடம் திரும்பக் கிடைக்கவே இல்லை. ஒரு நடிகையின் விவாகரத்தை வாரம் முழுக்க அலசும் இன்றைய யூடியூப் சேனல்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பத்திரிகைதான் நினைவுக்கு வருகிறது. யார் யாரோடு வாழ்கிறார், யாரைப் பிரிகிறார் என்பதைக் கேட்கும் உரிமை ரசிகருக்கும் இல்லை, சங்கத்துக்கும் இல்லை.

ஆகவே என் கேள்வி கோட்டைப் பற்றியதன்று. அதை எந்த இடத்தில் போட்டிருக்கிறார்கள் என்பதைப் பற்றியது. அதைப் புரிந்துகொள்ள ‘ரெட் கார்டு’ என்ற நடைமுறையைப் பார்த்தால் போதும்.

ஒரு நடிகர் அட்வான்ஸ் வாங்கிவிட்டுப் படப்பிடிப்புக்கு வரவில்லை என்றால் படத்தின் தயாரிப்பாளர் தங்கள் சங்கத்தில் புகார் கொடுக்கிறார். பேச்சுவார்த்தை முறிந்தால், பிற தயாரிப்பாளர்களும் அந்த நடிகரை வைத்துப் படம் எடுப்பதில்லை என்று ஒத்துக்கொள்கிறார்கள். இந்த முறைக்கு ஒரு நியாயம் உண்டு. நாயகனின் தேதியைக் காட்டித்தான் தயாரிப்பாளர் ஃபைனான்சியரிடம் கடன் வாங்குகிறார். ஒரு ஷெட்யூல் நின்றாலும் வட்டி நிற்பதில்லை. போட்ட செட்டுக்கு வாடகை ஏறும், லைட்மேனுக்கு அன்றைய சம்பளமும் பேட்டாவும் போகும். உரிமையியல் நீதிமன்றத்தில் தீர்ப்பு வருவதற்குள் சின்ன தயாரிப்பாளர் வீட்டை விற்றிருப்பார். நட்சத்திரத்தை ஒரு மேசைக்கு வரவழைக்கச் சங்கத்திடம் இருக்கும் ஒரே பலம் இதுதான்.

ஆனால் அந்தப் பலத்துக்கு அளவு கிடையாது. ‘இம்சை அரசன் 24ஆம் புலிகேசி’ நின்றுபோன விவகாரத்தில் வடிவேலு பல ஆண்டுகள் படமில்லாமல் இருந்தார். 2021 ஆகஸ்டில்தான் தடை நீங்கியது. இடையில், 2019 மே மாதம் ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தின் நேசமணி என்ற கதாபாத்திரத்துக்காக உலகம் முழுக்க இணையத்தில் பிரார்த்தனை நடந்தது. அந்த நேசமணியாக நடித்தவருக்கு அப்போது நடிக்கப் படமில்லை. படம் நின்றதில் யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஒரு படத்தின் நஷ்டத்துக்கு ஒரு கலைஞனின் இத்தனை ஆண்டுகள் விலையாகுமா என்பதுதான் என் ஆதங்கம். திரும்பி வந்தவர் ‘மாமன்னன்’ படத்தில் என்ன செய்தார் என்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த விலை புரியும். சட்டமும் இத்தகைய கூட்டுத் தடையை ஏற்பதில்லை. மலையாள இயக்குநர் வினயனை ஒதுக்கிவைத்ததற்காக, கேரளத்தின் நடிகர் சங்கமான ‘அம்மா’, திரைத் தொழிலாளர் கூட்டமைப்பான ‘ஃபெஃப்கா’ ஆகியவற்றுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2017இல் அபராதம் விதித்தது. 2020இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

அளவு மீறுவது ஒரு குறை. என்னை அதைவிட உறுத்துவது, இந்த ஆயுதம் எதற்கு எடுக்கப்படுகிறது, எதற்கு எடுக்கப்படுவதில்லை என்பது. தயாரிப்பாளரின் பணம் போனால் அது தொழில் பிரச்சினை. ஒத்திகையில் நடனக் குழுப் பெண்ணின் மேல் கை பட்டால், வாய்ப்புக் கேட்டு வந்தவளை இரவு ஓட்டல் அறைக்கு வரச்சொன்னால், அது ‘தனிப்பட்ட விஷயம்’. இதற்கென்று ஒரு சொல்லையே வைத்திருக்கிறார்கள்: அட்ஜஸ்ட்மென்ட். கேட்கிறவன் செய்யும் குற்றத்தை, கேட்கப்படுகிறவள் செய்துகொள்ள வேண்டிய அனுசரிப்பாக மாற்றிவிடும் சொல் அது. வாய்ப்புக் கொடுக்கும் அதிகாரம் தொழிலிலிருந்துதான் வருகிறது. அந்த அதிகாரத்தைக் காட்டி நடக்கும் எதுவும் சொந்த வாழ்க்கை ஆகாது. கால்ஷீட்டைச் சொதப்புவதைவிட இது பெரிய தொழில் துரோகம்.

2018 அக்டோபரில் பாடகியும் டப்பிங் கலைஞருமான சின்மயி, கவிஞர் வைரமுத்து மீது பாலியல் புகார் சொன்னார். வைரமுத்து மறுத்தார். புகாரின் உண்மையைச் சங்கங்களால் தீர்மானிக்க முடியாது என்பது சரியே. ஆனால் விசாரிக்க ஒரு வழியாவது செய்திருக்கலாம். நடந்தது வேறு. அடுத்த மாதமே டப்பிங் யூனியனிலிருந்து சின்மயி நீக்கப்பட்டார். சந்தா பாக்கி என்று காரணம் சொல்லப்பட்டது. ‘96’ படத்தில் த்ரிஷாவுக்கு அவர் கொடுத்த குரலை ஊரே கொண்டாடிக்கொண்டிருந்த நேரம் அது. சந்தாவுக்கு விதி இருக்கிறது, நோட்டீஸ் இருக்கிறது, நீக்கம் இருக்கிறது. புகாருக்கு அப்போது இவற்றில் ஒன்றுகூட இருக்கவில்லை.

அதே மாதங்களில் கர்நாடக இசையுலகில், மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு மாறுதல் தெரிந்தது. புகாருக்கு ஆளான 7 கலைஞர்களை மியூசிக் அகாடமி அந்த டிசம்பர் சீசன் கச்சேரிகளிலிருந்து விலக்கியது. விசாரணைக்கு முன்பே தண்டனையா என்ற கேள்வி எழுந்தது. எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வியும் அல்ல அது. ஆனாலும் ஒரு சபா தன் மேடையை யாருக்குத் தருவது என்று தானே முடிவெடுப்பதும், ஒரு துறையே சேர்ந்து ஒருவரின் எல்லாக் கதவையும் அடைப்பதும் ஒன்றாகாது. முன்னதை என்னால் ஏற்க முடிகிறது.

2024 ஆகஸ்டில், மலையாளத் திரையுலகில் பெண்களின் நிலையை ஆராய்ந்த ஹேமா கமிட்டியின் அறிக்கை வெளியாகி, கேரளத்தில் ‘அம்மா’வின் நிர்வாகக் குழு கூண்டோடு விலகியது. அதற்குப் பிறகுதான் இங்கே நடிகர் சங்கம் அசைந்தது. செப்டம்பரில் தீர்மானம் போட்டார்கள்: குற்றம் நிரூபணமானால் 5 ஆண்டு தொழில் தடை, பாதிக்கப்பட்டவருக்குச் சட்ட உதவி. ‘பெர்சனல்’ என்று தள்ளிவிட்டதைத் தொழில் குற்றம் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டது பெரிய நகர்வு. மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அதே தீர்மானங்களில், புகாரை ஊடகத்தில் சொல்லாமல் முதலில் கமிட்டியிடம் கொண்டுவர வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்கள். அவதூறு பரவும் என்ற அச்சம் புரிகிறது. லட்சுமிகாந்தன் கதையைச் சொன்ன நானே அதை மறுக்க முடியாது. ஆயினும் இத்தனை காலம் கேட்க ஆளில்லாததால்தான் பெண்கள் வெளியே வந்து பேசினார்கள். உள்ளே நியாயம் கிடைக்கும் என்பதை ஒன்றிரண்டு வழக்குகளிலாவது காட்டிய பிறகு வைக்க வேண்டிய வேண்டுகோள் இது.

இன்னொரு சிக்கலும் உண்டு. நடிகர் சங்கத்தின் கமிட்டி நடிகர்களுக்கானது. டப்பிங் கலைஞருக்கு வேறு சங்கம், நடனக் கலைஞருக்கு வேறு சங்கம். ஏஜென்ட் வேனில் ஏற்றிக் கூட்டிவரும் துணை நடிகைக்கு எந்தக் கதவு? பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால் உள்ளகப் புகார்க் குழு வேண்டும் என்கிறது. அதில் வெளியாள் ஒருவரும் இருந்தாக வேண்டும். ஒவ்வொரு படத்தின் தயாரிப்புக் குழுவுக்கும் இது பொருந்தும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் சொல்லிவிட்டது. தமிழ்ப் படங்களும் அப்படியே அமைக்க வேண்டும் என்பேன். சங்கத் தேர்தலில் ஓட்டுக் கேட்க வேண்டியவர்கள், தங்களுக்கு ஓட்டுப் போடும் பெரிய நடிகரை விசாரிப்பார்கள் என்று எதிர்பார்ப்பது, புகார் சொல்பவருக்கும் புகாருக்கு ஆளானவருக்கும் நல்லதல்ல.

2023இல் ‘லியோ’ வந்தது. த்ரிஷாவுக்கு மறுபடியும் சின்மயியின் குரல். லோகேஷ் கனகராஜ் என்ற இயக்குநரும் ஒரு பெரிய படக் குழுவும் துணிந்து நின்றதால் நடந்தது அது. சின்மயிக்கே அதற்கு 5 ஆண்டு ஆனது. நடனக் குழுவின் மூன்றாவது வரிசையில் ஆடும் பெண்ணின் பெயர், அந்த இயக்குநருக்கும் தெரிந்திருக்காது.