மலையாளம் படித்த விரல்களுக்குத் தமிழ் தரும் கம்ப்யூட்டர்

ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. ஏதோ ஓர் அலுவலகத்தில் ஆண்டுக்கணக்கில் ஓடிக் கழித்துவிடப்பட்ட பெட்டி இது. மானிட்டர், கீபோர்டு எல்லாம் சேர்த்தும் ஒரு நடுத்தர மொபைலின் விலைகூட ஆகவில்லை. விலை இவ்வளவு இறங்கியதற்குக் காரணம் மெஷினில் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-ஓ இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்கி வருவதில்லை. நன்றாக ஓடுகிற கம்ப்யூட்டரை மென்பொருள் விதி ஒன்று பழைய சாமான் ஆக்கிவிட்டது. எனக்கு இது அநியாயமாகவே படுகிறது.

வாங்கியதும் விண்டோஸை நீக்கிவிட்டு கைட் குனு/லினக்ஸ் 22.04 போட்டேன். கேரள அரசுப் பள்ளிகளின் ஐ.டி. லேபுகளில் ஓடுவது இதுதான். உபுண்டுவை அடிப்படையாக வைத்து கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் தொகுத்தது. லிப்ரே ஆபீஸ், ஜியோஜீப்ரா, இங்க்ஸ்கேப் எல்லாம் கூடவே வருகின்றன, காசு கிடையாது. இந்தப் பெட்டியில் அது தடுமாறாமல் ஓடுகிறது. பல மாதம் புழங்கிய பிறகு, வேகத்தைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது கீபோர்டைப் பற்றி.

பாறசாலையிலிருந்து இஞ்சிவிளை வரைக்கும், அதைத் தாண்டிக் களியக்காவிளை சந்தை வரைக்கும் எங்கள் பேச்சில் இரண்டு மொழியும் கலந்தே கிடக்கும். 1956-இல் எல்லைக் கோடு விழுந்தபோது எங்கள் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தோடு நின்றது. அதனால் எங்கள் வீட்டுப் பேச்சு தமிழ், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் மலையாளம். என் மகள் பள்ளியில் மலையாளத் தட்டச்சு பழகியது இன்ஸ்கிரிப்ட் முறையில். ஒரு நாள் செட்டிங்ஸில் தமிழ் இன்ஸ்கிரிப்டைச் சேர்த்துக் கொடுத்து, "மக்களே, அடிச்சுப் பாரு" என்றேன். விசைகளில் தமிழ் எழுத்தே கிடையாது. தயங்கித் தயங்கி அடித்தவள் சட்டென்று நிமிர்ந்து, "அப்பா, எல்லாம் ஸ்கூல்ல படிச்ச அதே இடத்துலதான் இருக்கு" என்றாள்.

அவள் அடித்தது 'வழி'. பி, ஷிஃப்டுடன் பி, பிறகு எஃப். மலையாளத்தில் வழி என்று எழுதவும் இதே மூன்று தட்டுகள்தான். இந்திய அரசின் மின்னணுத் துறை 1986-இல் இன்ஸ்கிரிப்டை வகுத்தபோது, நம் எழுத்துகள் எல்லாம் ஒரே ஒலி வரிசையில் அமைந்தவை என்பதை அடித்தளமாக எடுத்துக்கொண்டது. உயிரெழுத்துகளும் குறிகளும் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கத்துக்கு. க எந்த மொழியானாலும் கே விசையில். 1991-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனமும் இதை ஏற்றுக்கொண்டது. டெல்லியில் யாரோ போட்ட அந்தக் கணக்கு எங்கள் எல்லைக் கிராமத்துக்கென்றே அளந்து தைத்த சட்டைபோல வந்து பொருந்துகிறது.

அவள் இடறிய இடம் ஒன்றுண்டு. 'நான்' என்று அடித்தால் 'நாந்' என்று வந்தது. மலையாளத்தில் இரண்டு ஒலிக்கும் ஒரே ந போதும். தமிழுக்கு றன்னகரம் வேண்டும், அது ஷிஃப்டுடன் வி. சொல்லிக் கொடுத்ததும் பிடித்துக்கொண்டாள். இப்போது மார்த்தாண்டத்தில் இருக்கும் பாட்டிக்குத் தமிழில் மெயில் போகிறது.

தமிழ்நாட்டுப் பக்கம் தமிழ்99 பழகியவர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். அவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. 'அம்மா' என்றடிக்க அதில் நான்கே தட்டு. ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் புள்ளி தானாக விழும். இன்ஸ்கிரிப்டில் ஒவ்வொரு புள்ளிக்கும் டி விசையைத் தொட வேண்டும், அகரத்துக்கு ஷிஃப்ட் வேறு. தமிழ் மட்டும் எழுதுகிறவருக்குத் தமிழ்99 மேல் என்பதில் எனக்கு மறுப்பில்லை. இரண்டு மொழியும் எழுதுகிற பிள்ளைக்கு இரண்டு விசை அமைப்பைத் திணிக்கலாமா என்பதுதான் என் கேள்வி.

ஓர் எரிச்சலையும் சொல்லியாக வேண்டும். மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்த நிலையில்தான் இந்தப் பெட்டி என் கைக்கு வந்தது. கரண்டு போய் வரும்போதெல்லாம் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் ஓடிவிடும். தேதி தப்பினால் பிரவுசர் எந்தத் தளத்தையும் நம்பாது. பாதுகாப்பில்லை என்று முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தும். புதுப்பித்தது என்று சொல்லி விற்கிறவர் ஒரு சிஆர்2032 பேட்டரியைக்கூட மாற்றவில்லை என்றால் எதைத்தான் புதுப்பித்தார்? இதுபோன்ற பெட்டி வாங்குகிறவர்கள் கடையிலேயே பிளக்கைப் பிடுங்கி, கொஞ்ச நேரம் விட்டு, மறுபடி போட்டுத் தேதியைப் பாருங்கள். எஸ்எஸ்டியின் ஆரோக்கியத்தையும் காட்டச் சொல்லுங்கள்.

வீடியோ எடிட்டிங்குக்கும் பெரிய கேம்களுக்கும் இது ஆகாது. எல்லையோரத்தில் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருக்கும் வீட்டுக்குத் தாராளமாக வாங்கலாம். மிச்சப்படும் காசில் நல்ல கீபோர்டு ஒன்று வாங்குங்கள், கூட வருவது அழுத்தினால் சிக்கிக்கொள்ளும். விசைகளில் ஒட்ட தமிழ் ஸ்டிக்கர் தேடி அலைய வேண்டாம். பிள்ளையின் விரலுக்கு இடம் தெரியும்.