ஒரு மணி நேரத்தில் 22 கிருமிகள்: மலப் பரிசோதனை ஆய்வுகளைப் படித்தபோது

போன வருஷம் அப்பா நிமோனியாவுக்காகப் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஆறாவது நாள் வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. மதியத்துக்குள் நாலு தடவை. உடனே மலத்தை மாலிக்யூலர் பேனலுக்கு அனுப்பினார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாடி ரிப்போர்ட் வந்துவிட்டது. ட்யூட்டி டாக்டர், சின்னப் பெண், என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "அங்கிளுக்கு சி.டிஃப் பாசிட்டிவ் சார். இபெக்கும் இருக்கு. தனி ரூமுக்கு மாத்தணும், வேற ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கணும்."

"மேடம், மலச்சிக்கல்னு மூணு நாளா லாக்டுலோஸ் சிரப் குடுத்துட்டிருக்காங்களே, அதனால இருக்காதா?"

அவர் சார்ட்டைத் திருப்பிப் பார்த்தார். "இன்னும் போயிட்டிருக்கா அது?"

அன்று ராத்திரியே சிரப் நின்றது, வங்கோமைசின் தொடங்கியது. ரெண்டு நாளில் அப்பாவுக்குச் சரியாகிவிட்டது. எதனால் சரியானது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. புரொடக்‌ஷனில் ஒரே ராத்திரி ரெண்டு மாற்றம் செய்துவிட்டு, காலையில் எரர் போய்விட்டது என்று சந்தோஷப்படுகிற கதைதான்.

நான் டாக்டர் இல்லை. பி.இ. முடித்து இருபது வருஷமாகக் கோடு எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் அந்த ரிப்போர்ட்டில் இருந்த "கண்டறியப்பட்டது" என்ற ஒற்றைச் சொல் உறுத்திக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு சில மாதங்கள் கிடைத்த ஆய்வுக் கட்டுரைகளைப் படித்தேன். படித்ததில் எனக்கு ஏற்பட்ட சண்டைதான் இந்தக் குறிப்பு.

முதலில் கருவியைப் பற்றி. பழைய முறையில் மலத்தைத் தட்டில் வளர்த்து, எந்தக் கிருமி முளைக்கிறது என்று பார்ப்பார்கள். அதற்கு ரெண்டு மூணு நாள் ஆகும். புது முறையில் பி.சி.ஆர். மூலம் கிருமியின் மரபணுத் துண்டை நேரடியாகத் தேடுகிறார்கள். ஒரே மாதிரியில் பல கிருமிகளைச் சேர்த்துத் தேடுவது பேனல். ஃபில்ம்அரே என்ற பேனலுக்கு அமெரிக்காவில் 2014-இல் அனுமதி கிடைத்தது. 22 இலக்குகள், கருவிக்குள் ஏறக்குறைய ஒரு மணி நேரம். உண்மையிலேயே அழகான எஞ்சினியரிங். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

என் குறை, அதை மதிப்பிட்ட விதத்தில். 2015-இல் வந்த அதன் பல மைய ஆய்வில் 1,556 மல மாதிரிகள். அவற்றில் 832-இல், அதாவது 53.5 சதவீதத்தில், ஏதாவது ஒரு கிருமியாவது பாசிட்டிவ். அந்த 832-இல் 31.5 சதவீதத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவை. கட்டுரை இதை வெற்றியாகச் சொல்கிறது. பழைய முறையில் சிக்காததெல்லாம் சிக்குதே! ஆனால் ஒரே ஆளின் ஒரே வயிற்றுப்போக்குக்கு மூணு கிருமி பாசிட்டிவ் என்றால், அதில் குற்றவாளி எது, சும்மா உள்ளே குடியிருப்பது எது? இந்தக் கேள்விக்கு அந்த ஆய்வில் பதில் கிடையாது. அது கேட்டது வேறொரு கேள்வி: மற்ற சோதனைகள் சொல்வதோடு இந்தப் பேனல் ஒத்துப்போகிறதா? ஒத்துப்போகிறது, நன்றாகவே. நோயாளிக்கு அதனால் என்ன ஆனது என்பது அந்த ஆய்வின் எல்லைக்குள்ளேயே வரவில்லை.

22 கேள்வியை ஒரே நேரத்தில் கேட்பதில் இன்னொரு சிக்கல் உண்டு. கணக்குக்காக, ஒவ்வொரு இலக்கிலும் கிருமி இல்லாதவருக்கு 99 சதவீதம் சரியாக "இல்லை" என்று சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். 0.99-ஐ 22 தடவை பெருக்கினால் 0.80. அதாவது எதுவுமே இல்லாத நூறு பேரில் இருபது பேருக்கு ஏதோ ஒரு விளக்கு எரியும். சர்வர் கண்காணிப்பில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. அலாரம் கூடக் கூட, ராத்திரி மூணு மணிக்குத் தேவையில்லாமல் எழுப்பப்படுவதும் கூடும்.

சரி, இதெல்லாம் தவறான பாசிட்டிவ் பற்றி. என்னை அதைவிட யோசிக்க வைத்தது சரியான பாசிட்டிவ்தான்.

சி.டிஃப் என்று வார்டில் செல்லமாகச் சொல்லும் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் கிருமியை 1935-இல் முதன்முதலாகப் பிரித்தெடுத்தார்கள். எங்கிருந்து? ஆரோக்கியமான பச்சிளம் குழந்தைகளின் மலத்திலிருந்து. ஆன்டிபயாடிக் எடுத்தவர்களுக்கு வரும் கடுமையான குடல் அழற்சிக்கு இதுதான் காரணம் என்று தெரிந்தது 1978 வாக்கில். நடுவே நாற்பது வருஷத்துக்கு மேல் அது ஒரு அப்பாவி. இந்தக் கிருமி தன் நச்சை உற்பத்தி செய்தால்தான் நோய். நச்சுக்கான மரபணுவை வைத்துக்கொண்டு சும்மா குடலில் கிடப்பதும் உண்டு, ஆஸ்பத்திரியில் ரொம்ப நாள் இருக்கிறவர்களிடம் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

பி.சி.ஆர். தேடுவது நச்சை அல்ல, நச்சுக்கான மரபணுவை. நம்ம ஊர் மொழியில் சொன்னால், கோடு முழுக்கத் தேடி, டேட்டாபேஸை அழிக்கிற ஒரு ஃபங்‌ஷன் எங்கோ எழுதப்பட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பது. அது எழுதப்பட்டிருப்பது உண்மைதான். ஆனா அது நேத்து ராத்திரி ஓடிச்சா இல்லையான்னு தெரிஞ்சுக்க லாகைத்தான் பார்க்கணும். நச்சையே நேரடியாகத் தேடும் சோதனை அந்த லாக்.

ஒரு கணக்கு போடுவோம். பேதியாகும் நூறு உள்நோயாளிகள். பத்துப் பேருக்கு உண்மையான சி.டிஃப் நோய். இன்னும் பத்துப் பேர் கிருமியைச் சுமப்பவர்கள் மட்டும். அவர்களுக்குப் பேதி ஆவது சிரப்பாலோ, ட்யூப் உணவாலோ, ஆன்டிபயாடிக்காலோ. பி.சி.ஆர். ஒரு தப்பும் செய்யாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இருபது பாசிட்டிவ் வரும். அதில் பாதி நோயில்லை. சோதனை நூற்றுக்கு நூறு சரி, நோயறிதல் பாதிக்குப் பாதி தப்பு.

இது நான் மேசையில் போட்ட கணக்கு. நிஜத்தில் என்ன? கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் மருத்துவ மையத்தில் பொலாஜ் குழுவினர் செய்து 2015-இல் வெளியிட்ட ஆய்வு என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையில் படிக்க வேண்டிய முதல் கட்டுரை. 1,416 உள்நோயாளிகள். பி.சி.ஆரில் பாசிட்டிவ் 293. அவர்களில் நச்சும் பாசிட்டிவ் ஆனவர்கள் 131 பேர்தான். மீதி 162 பேருக்கு மரபணு இருந்தது, நச்சு சிக்கவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் அப்போது டாக்டர்களுக்குப் போனது நச்சுச் சோதனை முடிவு மட்டும். பி.சி.ஆர். முடிவு ஆய்வாளர்களிடமே இருந்தது. அதனால் இந்த 162 பேரில் பெரும்பாலோருக்கு சி.டிஃப் மருந்து கொடுக்கப்படவே இல்லை.

அவர்களுக்கு என்ன ஆச்சு? பெரும்பாலும் ஒண்ணும் ஆகலை. பேதி நின்ற வேகம் பார்த்தால், கிருமியே இல்லாத குழுவைப் போலத்தான் இருந்தார்கள். சி.டிஃபால் வந்த சிக்கல்களும் மரணங்களும் ஏறக்குறைய எல்லாமே நச்சு பாசிட்டிவ் குழுவில். இன்று பி.சி.ஆர். மட்டும் செய்யும் ஆஸ்பத்திரியாக இருந்தால் இந்த 162 பேருக்கும் தனி அறை, பத்து நாள் மருந்து, ஃபைலில் நிரந்தரமாக ஒரு நோய்ப்பெயர். ஏற்கெனவே ஆன்டிபயாடிக்கால் கலைந்துபோன குடலுக்கு இன்னொரு ஆன்டிபயாடிக்.

ஒரே மையம், கண்காணிப்பு ஆய்வு, அதை வைத்து இவ்வளவு பேசலாமா என்று கேட்கலாம். நியாயம். அதனால் இங்கிலாந்துக்குப் போவோம். 2013-இல் பிளான்ச் குழு வெளியிட்டது, 12,420 மாதிரிகள். மலத்தில் நச்சு இருந்த 435 பேரில் 72 பேர் இறந்தார்கள், 16.6 சதவீதம். நச்சு இல்லாமல், நச்சு உண்டாக்கக்கூடிய கிருமி மட்டும் வளர்ந்த 207 பேரில் 20 பேர், 9.7 சதவீதம். ரெண்டும் இல்லாத 5,880 பேரில் 503, 8.6 சதவீதம். நடு எண் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். இங்கிலாந்தின் சுகாதாரத் துறை 2012-லேயே ரெண்டு கட்டச் சோதனைக்கு வழிகாட்டியிருந்தது: முதலில் கிருமி இருக்கிறதா, பிறகு நச்சு இருக்கிறதா. ஐரோப்பிய வழிகாட்டுதலும் 2016-இல், எந்த ஒற்றைச் சோதனையையும் தனியாக நம்பாதே என்றது.

அமெரிக்கா வேறு பாதையில் போனது. நிறைய ஆஸ்பத்திரிகள் பி.சி.ஆருக்கு மட்டும் மாறின, சி.டிஃப் எண்ணிக்கை எகிறியது. 2017 நிதியாண்டிலிருந்து அந்த எண்ணிக்கை, மோசமான கால்வாசி ஆஸ்பத்திரிகளின் அரசுக் காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம் பிடிக்கும் திட்டத்துக்குள்ளும் வந்தது. எந்தச் சோதனை வாங்குகிறாய் என்பது எவ்வளவு அபராதம் கட்டுவாய் என்பதையும் பாதிக்கும் நிலை. பிறகுதான் "நச்சும் பார்க்கலாமே" என்ற ஞானம் பல இடங்களில் வந்தது என்று நினைத்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வருகிறது. சரியான முடிவுக்குத் தப்பான காரணத்தாலும் வந்து சேரலாம்தானே. 2018-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் ஒரு நடு வழி சொல்கிறது: வேறு காரணம் இல்லாமல், புதிதாக, 24 மணி நேரத்தில் மூணு தடவையோ அதற்கு மேலோ பேதியானவர்களிடம் மட்டும்தான் மாதிரி எடுப்போம் என்று டாக்டர்களும் லேபும் ஒப்புக்கொண்டிருந்தால் பி.சி.ஆர். மட்டும் போதும். இல்லையென்றால் நச்சும் பார்க்க வேண்டும். அந்த "வேறு காரணம் இல்லாமல்" என்ற மூணு சொல்லுக்குள் அப்பாவின் லாக்டுலோஸ் பாட்டில் உட்கார்ந்திருக்கிறது.

இபெக் கதை இன்னும் வேடிக்கை. ஆஸ்பத்திரியில் சேர்ந்து மூணு நாள் ஆனபிறகு ஆரம்பிக்கும் பேதிக்கு, சால்மொனெல்லா, ஷிகெல்லா வகையறாவைத் தேடி மலத்தை வளர்ப்பதில் பெரும்பாலும் பலனில்லை என்பது 1990-களிலிருந்தே லேப்களுக்குத் தெரிந்த விதி. விதிவிலக்குகள் உண்டு, ஆனால் பொதுவாக உள்நோயாளிக்குக் கேட்க வேண்டியவை சி.டிஃப், பக்கத்துப் படுக்கையில் யாருக்காவது இருந்தால் நோரோவைரஸ். 22 கேள்விப் பேனல் அந்த விதியை ஓசைப்படாமல் கழற்றி வைத்துவிட்டது. அதுவும் நம் ஊர்க் குடலில். எட்டு நாடுகளில் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து பின்தொடர்ந்த மால்-எட் ஆய்வில் வேலூரும் ஒரு மையம். பேதியான மலத்தில் ஏறக்குறைய 77 சதவீதத்தில் கிருமி. பேதியே இல்லாத மலத்தில்? 65 சதவீதம். அது குழந்தைகள் ஆய்வு, அப்பாவுக்கு எழுபத்தி நாலு. நேரடியாகப் பொருத்த முடியாது. ஆனால் "கண்டறியப்பட்டது" என்ற சொல்லுக்கு இங்கே என்ன எடை என்று யோசிக்க அது போதும்.

இப்போது எதிர்த்தரப்புக்கு வருகிறேன், ஏனென்றால் அதில் வலு இருக்கிறது. 2015-இலேயே லண்டனில் கோல்டன்பெர்க் குழு, எக்ஸ்டேக் என்ற பேனலை 800 உள்நோயாளிகளிடம் பழைய முறைகளோடு ஒப்பிட்டது. லேப் செலவு 22,283 பவுண்ட் கூடியது. தனி அறைச் செலவு 66,765 பவுண்ட் குறைந்தது. நிகர மிச்சம் 44,482 பவுண்ட். பேதி என்றதும் தனி அறையில் போட்டுவிட்டு, கல்ச்சர் ரிப்போர்ட்டுக்காக நாள்கணக்கில் காத்திருக்கும் ஆஸ்பத்திரியில் ஒரு சீக்கிரமான "நெகட்டிவ்" எவ்வளவு பெறுமானம்! இங்கே கவனியுங்கள், காசை மிச்சப்படுத்தியதில் நெகட்டிவ்களுக்குத்தான் பெரிய பங்கு இருக்க வேண்டும். விளம்பரங்களிலோ பாசிட்டிவ்தான் கதாநாயகன். அந்த மிச்சமும் தாளில் இருக்கும்வரை தாளில்தான். ராத்திரி பதினோரு மணிக்கு ரிப்போர்ட் வந்து, காலை ரவுண்ட்ஸ் வரை யாரும் பார்க்கவில்லை என்றால் கருவியின் அந்த ஒரு மணி நேரத்துக்கு என்ன அர்த்தம்?

2017 ஜனவரியில் பிரிட்டனின் நைஸ் அமைப்பு இந்த மாதிரி மூணு பேனல்களை எடுத்துப் பார்த்துவிட்டு, வழக்கமான பயன்பாட்டுக்குப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று சொன்னது. கூடுதலாகக் கிடைக்கும் பாசிட்டிவ்களுக்கு மருத்துவ ரீதியாக என்ன பொருள் என்பது தெளிவாகவில்லை என்பது முக்கியமான காரணம். முதல் தடவை படித்தபோது, அரசு அமைப்பின் வழக்கமான தயக்கம் என்று நினைத்தேன். இப்போது அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் நானும் கை தூக்கியிருப்பேன்.

என் வாதத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. நச்சுச் சோதனை சில உண்மையான நோயாளிகளைத் தவறவிடும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களிடம் அந்தத் தவறு உயிரை எடுக்கலாம். கிருமியைச் சுமப்பவரும் அதன் விதைத்துகள்களை வார்டில் பரப்பலாம் என்பதால், மருந்து வேண்டாம் என்றாலும் தனி அறை வேண்டும் என்ற வாதமும் உண்டு. அதனால் பி.சி.ஆரைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. "மரபணு உண்டு, நச்சு இல்லை, மருத்துவரின் கணிப்பு தேவை" என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி கூடுதலாக வந்தால் போதும். மலமிளக்கி 48 மணி நேரத்துக்குள் கொடுக்கப்பட்டிருந்தால் ஆர்டர் போடும் திரையே ஒரு கேள்வி கேட்கட்டும். அது அரை நாள் கோடிங் வேலை. நானே எழுதித் தருவேன்.

நச்சுச் சோதனை தவறவிடும் அந்த நோயாளிகள் யார், அவர்களை முன்கூட்டி அடையாளம் காண முடியுமா என்பதைத் தனியாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். லேபிலோ வார்டிலோ வேலை பார்ப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் இடத்தில் ரிப்போர்ட் எப்படி வருகிறது, நச்சு முடிவு சேர்ந்து வருகிறதா, மரபணு மட்டுமா என்று எழுதுங்கள். நோயாளி விவரம் எதுவும் வேண்டாம், ரிப்போர்ட்டின் வடிவம் மட்டும் போதும்.