ஐயத்தின் பயன் எவருக்கு?

பெருமோசடி வழக்குகளில் எதிரிகளுக்காகத் தோன்றும் சட்டத்தரணிகள், நீதிமன்றத்துக்கு வெளியிலும் ஒருவகை விமர்சனத்தை வளர்த்துள்ளனர். அதன் சாரம் மூன்று கூற்றுக்களுள் அடங்கும்: நட்டமெல்லாம் வஞ்சமன்று, எண்ணம் நிறுவப்படாதவிடத்துக் குற்றமில்லை, பொதுமக்களின் சினம் சான்றாகாது. இவை வெறும் வாதத்திறன் எனத் தள்ளத்தக்கனவல்ல. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 398ஆம் பிரிவும் ஏமாற்றுதலை வரையறுக்குங்கால் வஞ்சக எண்ணத்தையோ நேர்மையற்ற எண்ணத்தையோ வேண்டிநிற்கின்றது.

தமிழ் மரபிலும் இக்கோட்பாட்டுக்கு வலுவான ஆதாரமுண்டு. சிலப்பதிகாரத்தில் உண்மையான மோசக்காரன் பொற்கொல்லனே. அவன் சொல்லை ஆராயாது ஏற்ற பாண்டியன் கோவலனைக் கொல்விக்கின்றான். பின்னர் அவைக்கு வரும் கண்ணகி செய்வது எதிரித்தரப்பு வாதமேயாகும். சிலம்பின் பரல் மாணிக்கமா முத்தா என்ற சான்றினால் அவள் வழக்கை வெல்கின்றாள். ஆயின், காப்பாற்றப்படவேண்டிய உயிர் அதற்குமுன் போய்விடுகின்றது. சான்றுக்கு முன் தண்டனை கூடாதென்பதை இதனினும் தெளிவாக உணர்த்தல் அரிது.

எனினும் இவ்விமர்சனத்துக்கு ஓர் எல்லையுண்டு. அமெரிக்க சமூகவியலாளர் எட்வின் சதர்லாந்து 1939இல் ‘வெள்ளைக் காலர்க் குற்றம்’ என்ற தொடரை முன்வைத்தார். உயர்ந்தோர் செய்யும் தீங்குகள் குற்றவியல் மன்றங்களை எட்டாது வேறு வழிகளில் தீர்க்கப்படுவதனாலேயே அவை குற்றமெனத் தோன்றுவதில்லை என்பது அவர் கருத்து. நீதிமன்றம் குற்றவாளியெனக் காணாதவனைக் குற்றவாளி என்னலாகாதென 1947இல் போல் தப்பன் மறுத்தார். இன்றைய எதிரித்தரப்பு விமர்சனம் தப்பனின் வழிவந்தது. சதர்லாந்தின் வினாவுக்கோ அது விடையளிப்பதில்லை.

மத்திய வங்கிப் பிணைமுறி விவகாரத்தில் இவ்வினா மலையகத்தையும் தொடுகின்றது. 2015 பெப்ரவரி 27இல் நடந்த ஏலத்தையொட்டி எழுந்த இவ்விவகாரத்தை ஆராய 2017இல் சனாதிபதி ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. ஊழியர் சேமலாப நிதியம் உள்ளிட்ட அரச நிறுவனங்களுக்கு 850 கோடி ரூபாவுக்கு மேல் இழப்பு நேர்ந்ததென அவ்வாணைக்குழு கண்டதாக 2018 சனவரியில் சனாதிபதி அறிவித்தார். ஆணைக்குழுவின் முடிவு தீர்ப்பாகாது என்ற வாதம் சரியானதே. ஆனால் அந்நிதியத்தில் ஹற்றனிலும் நுவரெலியாவிலும் கொழுந்து பறிப்போரின் சேமிப்பும் அடங்கும். ‘சந்தையின் ஏற்றவிறக்கம்’ என்னும் சொல்லாட்சி அவ்வுரிமையாளரைக் கண்ணினின்று மறைத்துவிடுகின்றது.

அவர்களின் வரலாறோ வேறு நீதியைக் கண்டது. 1865ஆம் ஆண்டின் தொழிலாளர் கட்டளைச் சட்டத்தின்கீழ், முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கிய தொழிலாளி சிறை செல்லலாம். அவனது வஞ்சக எண்ணத்தை எவரும் நிறுவவேண்டியதில்லை. துரை கூலி கொடாமையோ பெரும்பாலும் கடன் பிணக்காகவே கொள்ளப்பட்டது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் போன்றோரின் போராட்டத்தின் பின்னர், 1920களின் தொடக்கத்திலேயே அத்தண்டனை விதிகளும் ‘துண்டு’ முறையும் ஒழிந்தன.

அவ்வேறுபாட்டின் நிழல் இன்னும் அகன்றிலது. 1958ஆம் ஆண்டின் சட்டப்படி சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதமும் தொழில்தருநரிடமிருந்து 12 வீதமும் சேரவேண்டும். அரச பொறுப்பிலிருந்த தோட்ட நிறுவனங்களே இதனை நிலுவையாக்கியமை பாராளுமன்றம் வரை பேசப்பட்டது. நிலுவையை நீதவான் நீதிமன்றினூடாக அபராதம்போல் அறவிடலாம். அங்கு தேடப்படுவது தொகையே, எண்ணமன்று. கழித்த பணத்தைக் கட்டாமையை நம்பிக்கை மோசடியாகக் கொள்ளும் விளக்கத்தை இந்தியா 1973இலேயே தன் தண்டனைச் சட்டத்தின் 405ஆம் பிரிவில் சேர்த்துக்கொண்டமை ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. நிறுவையில் ஈரத்துக்கும் சாக்குக்குமெனக் கழியும் கிலோக்களும், அதனால் விழும் ‘அரைப்பேரும்’ இக்கணக்கில் ஏறுவதேயில்லை.

ஆகவே எதிரித்தரப்பு விமர்சனத்தின் குறை, அது ஐயத்தின் பயனை வேண்டுவதன்று. அப்பயனை வழக்கறிஞர் அமர்த்த வல்லோர்க்கு மட்டுமே உரியதுபோல் பேசுவதே அதன் குறையாகும். அக்கோட்பாட்டைச் சுருக்குவதனால் தொழிலாளிக்கு நன்மை விளையாது. சந்தேகத்தின்பேரில் முதலில் சிறையேறுபவன் என்றும் ஏழையே. வேண்டுவது, எதிரிக்காகப் பேசும் அதே நுணுக்கத்துடன், இழந்தவனின் கணக்கையும் எடுத்துரைக்கும் குரலாகும். கண்ணகிக்குச் சிலம்பு கையிலிருந்தது. தோட்டத் தொழிலாளியின் சிலம்பு, பிறர் எழுதும் பேரேட்டில் இருக்கின்றது.