பொன்வயலின் குழூஉக்குறி

பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது குழூஉக்குறிக்கு நன்னூல் உரைகள் காட்டும் எடுத்துக்காட்டு. நம் கோலார்த் தங்கவயலுக்கு இதனினும் பொருத்தமானது உண்டோ? 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் வந்தபின், கார்ன்வால் சுரங்கத்தாரும் தம் தொழிற்சொற்களோடு வந்தனர். தாதுப்பாறையை வெட்டியெடுக்கும் இடமாகிய 'ஸ்டோப்' என்பதை ஆங்கில நூலிற் கண்டு, அகராதி புரட்டிக் 'குடைவு' என்றெழுதிவிடுகிறார் நம் கதாசிரியர். அங்கே இறங்கி உழைத்த அண்டைவீட்டு நண்பரைக் கேட்டாரா? கேட்டிருப்பின், பாறையின் வெப்பமும், 'ஏர்பிளாஸ்ட்' என்னும் பாறைவெடிப்பின் அச்சமும் கதைக்குள் வந்திருக்கும். திசைச்சொல்லையும் செய்யுட்குரியதாக ஏற்றவர் தொல்காப்பியர். ஆதலின் ஸ்டோப்பை ஸ்டோப் என்றே எழுத நாம் கூசவேண்டா. சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. கேட்டறியத்தக்க நண்பர்களோ ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.